நீலாயதாட்சிக்குத் தண்ணீர் தேவை

கீழச்செறுவூரில் நெற்பயிர் ஆளைப் பார்த்துத் திரும்பிய வருஷம் என்று ஒரு வருஷம் உண்டு. பிள்ளை பிறந்தது, காது குத்தியது, மாடு தொலைந்தது எல்லாவற்றையும் அந்த ஊர்க்காரர்கள் அதற்கு முன்னால், அதற்குப் பின்னால் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். பயிர் எப்படித் திரும்பியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சூரியன் ஏன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்ன? ஆனால் அது எதில் தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பொம்பளை அடுப்படியிலிருந்து "என்னங்க?" என்று ஓடிவந்ததில் தொடங்கியது.

புரட்டாசி மாதம், காலை நேரம். அவள் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புருஷன் உத்திராபதி, வேளாண்மை ஆபீசர் கூட்டம் போட்டு எல்லோர் போனிலும் ஏற்றிவிட்டுப் போன 'வயல்துணை' என்கிற ஆப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் எப்போது வைக்க வேண்டும், உரம் எப்போது போட வேண்டும், இலையைப் படம் பிடித்துக் காட்டினால் என்ன நோவு என்றெல்லாம் அது சொல்லுமாம். முதலில் வயலுக்கு ஒரு பேர் வைக்கச் சொன்னது. "உங்கள் வயலின் பெயரைச் சொல்லவும்" என்று ஒரு பெண்குரல் கேட்டது. மனுஷன் தொண்டையைச் செருமினார், அக்கம்பக்கம் பார்த்தார், பிறகு போனை வாய்க்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, "நீலாயதாட்சி" என்றார்.

உள்ளே கடுகு வெடித்தது அவள் காதில் விழவில்லை. கரண்டியோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள். எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"என்னங்க?"

உத்திராபதி திடுக்கிட்டுப் போனார். கையிலிருந்த போன் மடியில் விழுந்தது.

"ஒன்ன இல்ல" என்றார். "வயல."

அவ்வளவுதான் நடந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் தாளிப்பு கருகிக் கிடந்தது. அன்றைக்கு அவள் வைத்த குழம்பை நாய்கூடத் தொடவில்லை.

ஏன் ஓடிவந்தாள் என்றால், அது அவள் பேர். பெற்றவர்கள் நாகப்பட்டினத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வைத்த பேர். கல்யாணமாகி இந்த வீட்டு வாசலில் ஆரத்தி எடுக்கிறபோதுதான் தெரிந்தது, மாமியாருக்கும் அதே பேர் என்று. மாமியார்க்காரி ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்த வூட்டுல ஒரு நீலாயதாட்சிதான்" என்று சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சொன்னால் சொன்னதுதான். பக்கத்தில் மாலையோடு நின்ற மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அந்த ஊரில் வாழவந்த பெண்களைப் பிறந்த ஊர் பேரால் கூப்பிடுவது வழக்கம் என்பதால், பனங்குடியிலிருந்து வந்தவள் பனங்குடியா ஆகிப்போனாள். மற்றவர்களுக்காவது வீட்டுக்குள் சொந்தப் பேர் எப்போதாவது நடமாடும். இவள் பேருக்கு அந்த வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஊருக்குப் பனங்குடியா, பிள்ளைக்கு அம்மா, புருஷனுக்கு 'இந்தா'. மாமியார் கண்ணை மூடிய பிறகாவது பேர் திரும்பி வரும் என்று பார்த்தாள். வரவில்லை. போகிறவள் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் போலிருக்கிறது. இருபத்தாறு வருஷமாகிவிட்டது, ஒரே ஒரு தரம், ஒரே ஒரு தரம் இந்த மனுஷன் அந்தப் பேரைச் சொல்லித் தன்னைக் கூப்பிட மாட்டாரா என்பதைத் தவிர அவளுக்கு அவரிடம் கேட்டு வாங்க ஒன்றும் இருக்கவில்லை. அதையும் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அதற்குப் பேர் வேறு.

அந்த வயல் மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த வயல். அப்படியென்றால் வேறென்ன நினைப்பாள்? "செத்தும் பேரை வுடல பாத்தியா அந்த மகராசி. எனக்குத் தர மனசு வரல, சேத்துக்குப் போய்ச் சேந்துருச்சு" என்று பக்கத்து வீட்டு ஆழியூராளிடம் சொன்னாள். ஆழியூரா என்பது வேம்பையன் பெண்டாட்டி தில்லையம்மா. தில்லையம்மா சிரித்தாளே தவிர, இந்த வயசில் இதெல்லாம் ஒரு குறையா என்பது போல முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள்.

ஐப்பசியில் நட்ட நாற்று பச்சை பிடித்து நின்றபோது ஒருநாள் போன் பேசியது. "நீலாயதாட்சிக்குத் தண்ணீர் தேவை." உத்திராபதி மண்வெட்டியோடு போய் வரப்பில் கால் வைத்தார். காற்று என்று பேருக்குக்கூட இல்லை. பனைமட்டை ஆடவில்லை, வாய்க்காலில் ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் பயிர் மொத்தமும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், அவர் பக்கமாகச் சாய்ந்தது. அவர் மேற்கு வரப்புக்குப் போனார், பயிர் மேற்கே திரும்பியது. மடையைத் திறக்கத் தெற்கே போனார், தெற்கே திரும்பியது. அவர் தண்ணீரை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு, "பயிரு என்னயப் பாத்துத் திரும்புது" என்றார், பால்காரன் வந்துவிட்டுப் போனான் என்கிற மாதிரி.

ஊர் ஒரு நாள் ஆச்சரியப்பட்டது. மறுநாளிலிருந்து அதை வேலைக்கு வைத்துக்கொண்டது. உத்திராபதியைத் தேடி யாராவது வந்தால் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை, வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பயிர் வடக்கே சாய்ந்திருந்தால் டீக்கடைக்கும், தெற்கே சாய்ந்திருந்தால் சொசைட்டிக்கும் போனார்கள். பஸ் கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "இன்னிக்கு உத்திராபதி திருவாரூர் போயிருக்காரு டோய்" என்று பஸ்ஸுக்கே சொன்னான். மச்சான் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் சாராயக்கடைப் பக்கம் ஒதுங்கிய அன்றைக்குப் பயிர் மொத்தமும் அந்தக் கடையைப் பார்த்து நின்றதில் ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது, மனுஷன் அன்றோடு குடியை விட்டார். களை எடுக்க வந்த பெண்கள், "அண்ணே, அந்தாண்ட போய் நில்லுங்க, பயிரு எங்க மூஞ்சில மோதுது" என்று அவரை விரட்டினார்கள். யாரோ வரப்பில் மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைக்கப் பார்த்தபோது பூசாரி வந்து, "இது சாமி காரியம் இல்லப்பா, ஆச காரியம்" என்று சொல்லி அவிழ்த்துவிட்டுப் போனார். வேளாண்மை ஆபீசர் வந்து படம் பிடித்து மேலே அனுப்பினார். 'பயிர் நல்ல நிலையில் உள்ளது' என்று பதில் வந்தது. பொய்யில்லை, சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு பயிர் இல்லை.

அப்புறம் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மேட்டுக்கொல்லை, ஆத்தங்கரை என்று ஆப்பில் ஏற்றி வைத்திருந்த பேர்களையெல்லாம் அழித்துவிட்டுப் பெண்பேராக வைத்தார்கள். வேம்பையன் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னான். "எங்க ஆத்தா பேரத்தான் வைக்கலாம்னு பாத்தேன். பெத்தவளப் பேர் சொல்லி, தண்ணி குடிச்சியா உரம் தின்னியான்னு கேக்க வாய் வருமாய்யா? அதான் பொண்டாட்டி பேர வச்சுட்டேன்." அந்தப் பேச்சு அன்றைக்கே தண்ணீர்க் குழாயடிக்கு வந்து சேர்ந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பனங்குடியாளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்த வாயோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதில் தனக்கு ஒரு சேதி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வேறு ஒரு வயலும் சாயவில்லை. அவை பாட்டுக்கு நின்றன. ஆனால் தெருவில் வேறொன்று நடந்தது. "தில்லையம்மாளுக்கு யூரியா போட்டாச்சா?" "கமலவேணிக்கு இலை மஞ்சளா இருக்கு, என்னான்னு பாரு" என்று ஆம்பளைகள் வாயில் பெண்டாட்டி பேர்கள் புழங்க ஆரம்பித்தன. போன்கள் வேளைக்கு வேளை அந்தப் பேர்களைத் தெருவெல்லாம் கேட்க ஏலம் போட்டன. தில்லையம்மா தலையில் பூ ஏறியது. ஆழியூரா என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவள் சட்டென்று திரும்புவதில்லை.

பனங்குடியா மட்டும் பனங்குடியாளாகவே இருந்தாள். வயிறு எரிந்தது அவளுக்கு. சும்மா சொல்லக் கூடாது, ஊர்ப் பெண்கள் மேல் ஒரு பங்கு என்றால் அந்தப் பயிர் மேல் மூன்று பங்கு எரிந்தது. சக்களத்தி என்றால் முடியைப் பிடித்து இழுக்கலாம், தெருவில் நின்று மானத்தை வாங்கலாம். நெல்லுப் பயிரை என்ன செய்வது? 'என் பேரைத் தா' என்று வரப்பில் உட்கார்ந்து மறியலா பண்ணுவது? ஒருநாள் அவர் வெளியே போன நேரம் பார்த்து வயலுக்குப் போனாள். அவள் பேரை அவளே வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலமாயிற்று. "அடியே நீலாயதாட்சி" என்று கூப்பிட்டாள். ஒரு தோகை அசையவில்லை. அவர் போன திசையைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது பயிர். தன் பேருக்குத் தன் குரல் தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இன்னொரு நாள் மதகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். உத்திராபதி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வரப்பில் நின்று, அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாக ஒருதரம். கொஞ்சம் சத்தமாக ஒருதரம். கேள்வி கேட்கிற மாதிரி, கோபம் வந்த மாதிரி, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. ஒவ்வொரு தரமும் பயிர் சிலிர்த்துக்கொண்டு அவர் முழங்காலில் வந்து சாய்ந்தது. ராத்திரி சோறு போடும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"வயலுக்கு வேற பேரே கெடைக்கலயா ஒங்களுக்கு?"

"ஏன், நல்ல பேருதானே" என்றார். காது மடல் சிவந்துபோயிற்று. அம்மா மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டு அவள் ரசத்தை ஓங்கி ஊற்றினாள்.

கார்த்திகை மழையில் அவள் காய்ச்சலில் விழுந்தாள். பாயில் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு அவர் கஷாயம் போட்டு எடுத்துவந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கிண்ணத்தை அவள் கையில் கொடுக்கப் போகிற நேரம் போன் கத்தியது. "நீலாயதாட்சிக்குக் குலைநோய் அறிகுறி. உடனே கவனிக்கவும்." கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் மழையோடு மழையாக ஓடினார்.

"இங்கயும் ஒரு நீலாயதாட்சிக்குக் காய்ச்சல்தான்" என்று அவள் கூரையைப் பார்த்துச் சொன்னாள். "எந்தப் போனு சொல்லும்?"

கஷாயம் ஆறிப்போனது. அவளுக்குள் ஏதோ ஒன்று ஆறாமல் நின்றுகொண்டது.

மார்கழியில் கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கிய சமயம், அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது போனை எடுத்தாள். மகளோடு வீடியோவில் பேசிப் பேசி அவளுக்குப் போன் கைவந்த விஷயம். வயல் படத்துக்குப் பக்கத்தில் இருந்த பென்சில் குறியைத் தொட்டாள். பேரை எழுத்தெழுத்தாக அழித்தாள். "உங்கள் வயலின் பெயரைச் சொல்லவும்" என்றது குரல். தன் பேரைப் பறித்ததற்கு வட்டி வேண்டாமா? எனக்குக் கொடுத்ததை நீயே வைத்துக்கொள் என்று, "பனங்குடியா" என்றாள். போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்போடு வாசலைக் கூட்டினாள்.

மறுநாள் உத்திராபதி வயலுக்குப் போனால் பயிர் அவரைப் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மேற்கே போனார், அது கிழக்கே பார்த்தது. சுற்றிக்கொண்டு கிழக்கு வரப்புக்கே போய் நின்றார், அவரைத் தாண்டிக் கிழக்கே பார்த்தது. ஊர் குழம்பிப்போனது. கிழக்கே அப்படி என்ன இருக்கிறது? வாய்க்கால், அதைத் தாண்டிக் கருவேலங்காடு, அதைத் தாண்டி ரயில் ரோடு, அதையும் தாண்டினால் பனங்குடி.

நாளாக ஆகக் கதிர் பாரமேறியது, சாய்வும் அதிகமானது. "பனங்குடியாவுக்குச் சாயும் அபாயம். தண்ணீரை வடிக்கவும்" என்றது போன். உத்திராபதி அப்போதிருந்த பதற்றத்தில் சேதியைக் கேட்டாரே தவிரப் பேரைக் கேட்கவில்லை. தண்ணீரை வடித்தார், தாளை அள்ளி அள்ளிக் கட்டினார், மூங்கில் நட்டுக் கயிறு இழுத்தார். கயிறு அறுந்தது. கதிர் சேற்றில் படிந்தால் நெல் முளைத்துவிடும், வருஷச் சோறு போய்விடும். ஊரே வரப்பில் கூடிவிட்டது. ஆம்பளைகள் வேர் அழுகல், மண்ணில் கோளாறு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தில்லையம்மாதான் பயிரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அட போங்கய்யா, இது பொறந்த வூட்டு ஏக்கம்" என்றாள். கூட்டத்தில் நின்ற பெண்களில் ஒவ்வொருத்தியும் அவளவள் ஊர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

பனங்குடியா புதுப்பெண்ணாக வந்த காலத்தில் கொல்லையில் பாத்திரம் துலக்குகிறேன் என்று உட்கார்ந்து, இப்படித்தான், அச்சு அசலாக இப்படித்தான் கழுத்தை நீட்டிக் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தக் கழுதைக்கு அது எப்படித் தெரிந்தது? உத்திராபதி முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, தொண்டை கட்டிப்போன குரலில், "நீலாயதாட்சி! ஏ நீலாயதாட்சி!" என்று கத்திக்கொண்டிருந்தார். பயிர் திரும்பவில்லை. அவளுக்குத்தான் ஒவ்வொரு தரமும் 'என்னங்க' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்து வந்து போனது.

"கத்தாதீங்க" என்றாள் கடைசியில். "அதும் பேரு இப்ப அது இல்ல. நான்தான் மாத்தினேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். சேற்றுக்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"ஏன் இப்பிடிச் செஞ்ச?"

"ஏன் செய்ய மாட்டேன்?" என்றாள். ஊர் நிற்பது, சம்பந்தி முறைக்காரர்கள் நிற்பது ஒன்றும் அவளுக்குக் கண்ணில் படவில்லை. "ஒங்கம்மா பேரு இந்த வூட்டுல இன்னொருத்திக்கு ஆகாதுன்னாங்க. மருமவளுக்கு ஆகாது, சேத்துக்கு மட்டும் ஆகுமா? பெத்த பாசம் பொங்குச்சுன்னா போட்டோவுக்கு மாலையப் போடுங்க. எம் பேர எடுத்துப் புல்லுக்கு வச்சிக்கிட்டுக் கொஞ்சிறீங்களே, எனக்கு எரியாதா?"

உத்திராபதி அவளையே பார்த்தார். நிஜமாகவே விளங்காத முகம்.

"அம்மா பேரா? ஏன்டி, பெத்தவளப் போயி எவனாவது பேர் சொல்லிக் கூப்புடுவானா?"

"அதானே!" என்றான் வேம்பையன்.

டீக்கடையில் கேட்டதும் குழாயடியில் சிரித்ததும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற தில்லையம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்ன யாரு பேராம்?" என்றாள். தெரிந்துவிட்டது, ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று கேட்டாள்.

அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அம்மா போனதுலேருந்து ஒன்ன அந்தப் பேரு சொல்லிக் கூப்புடணும்னுதான். வாயே வரல. இத்தன வருசமா இந்தா இந்தான்னே கெடந்துட்டேன், திடீர்னு எப்பிடிக் கூப்புடுறது? கூச்சமா இருந்துச்சு. வயல்ல கூப்புட்டுக் கூப்புட்டுப் பழகிக்கலாம்னு பாத்தேன்."

"அன்னிக்கு வந்து நின்னனே, கரண்டியோட?"

"பயந்துட்டேன்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, அந்த ஆளை அதே சேற்றில் தள்ளி அமுக்க வேண்டும் போலவும் வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, பழகியாச்சா?"

"ம்."

"அப்ப கூப்புடுங்க."

உத்திராபதி வாயைத் திறந்தார், மூடினார். ஊர் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. வேம்பையன் தன்னையறியாமல் தானும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். ஒருதரம் வெறும் காற்று வந்தது. ஒருதரம் 'நீ' என்று வந்து நின்றது. பிறகு அந்த மனுஷன் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி, வரப்பேறி, அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றுகொண்டு, வயலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

"நீலாயதாட்சி."

சேற்றில் படியப்போன பயிர் மொத்தமும் சரசரவென்று நிமிர்ந்தது. கிழக்கே பார்த்திருந்த கதிரெல்லாம் ஒன்றுபோலத் திரும்பி அவரைப் பார்த்து ஆசையாகச் சாய்ந்து வந்தது.

அவள் சட்டென்று நகர்ந்து அவருக்கும் பயிருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். இடுப்பில் கை வைத்து, பயிரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்ன இல்லடி" என்றாள்.